குளிருக்குள் ஒரு போத்தல் சோடா

"…வந்தவங்கள வெறும் வாயோட அனுப்ப எனக்கு மனசு வருமாங்க, பாஸ்டரம்மா? அதான் சோடாவ ஒடச்சுக் குடுத்தேன்" என்றார் முனியம்மா அத்தை.

சொல்லிவிட்டு முந்தானையைச் சுருட்டினார், பிரித்தார், மறுபடியும் சுருட்டினார். எதிரே பலகையில் பாஸ்டரம்மா உட்கார்ந்திருந்தார். நான் வாசல் நிலையில் சாய்ந்துகொண்டு, வெளியே நின்ற என் ஆட்டோவை யாரோ தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்பதுபோல் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளறையில் ஒருவர் இருமினார். இருமலைக் கையால் பொத்தி அடக்குவதும் கேட்டது.

ஒரு போத்தல் சோடாவைப் பற்றிப் பேச இத்தனை நடுக்கமா என்று நீங்கள் கேட்கலாம். ஒரு மனுஷன் செத்துக் கிடந்தான். அதற்காக இன்னொருவன், கையில் பச்சைப்பிள்ளை வாங்கி நாலு நாள்கூட ஆகாதவன், பொலிஸில் இருந்தான். நடுவில் இந்தச் சோடா.

மடுல்சீமைக்கு ஏறும் பாதையில் ஒரு தோட்டம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பெயர் வேண்டாம். ஆட்களின் பெயரையும் மாற்றியிருக்கிறேன். முனியம்மா அத்தையிடம் கேட்டுக்கொண்டுதான் எழுதுகிறேன். "எழுதுப்பா ராசு. ஆனா என்னைய ரொம்ப நல்லவளா எழுதிப்புடாத, எனக்குக் கூச்சமா இருக்கும்" என்றார். முடிந்தவரை பார்க்கிறேன்.

மணியின் நாக்கு

போன வாரம் இந்தப் பக்கத்தில் நான் எழுதிய, பசறை வளைவில் டயர் வெடித்த கதையில், பின் சீட்டில் கண்ணை மூடிக்கொண்டு பாட்டு முணுமுணுத்த ஒரு பாஸ்டரம்மா வந்தாரே, அவர் யார் என்று ஒரு பண்டாரவளை வாசகி கேட்டிருந்தார். அவரேதான் இவர்.

பாஸ்டரம்மா, அதாவது எஸ்தரம்மா, கொழும்பில் பிறந்து வளர்ந்தவர். டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வருஷக்கணக்காக வேலை பார்த்துவிட்டு, தலை நரைக்கத் தொடங்கிய வயதில் வேதம் படித்துப் போதகரானவர். பதுளையில் சின்னச் சபை ஒன்று அவர் பொறுப்பில் இருந்தது. தோட்டங்களில் சிதறிக் கிடக்கும் சபைக் குடும்பங்களைப் பார்க்க என் ஆட்டோவில்தான் போவார். நான் கதிர்காமத்து முருகன் படத்தைக் கண்ணாடியில் ஒட்டியிருப்பவன். முதல் நாள் அதைப் பார்த்துவிட்டு, "நல்லது, இந்தப் பாதைக்கு ரெண்டு பேரும் வேணும்" என்றார். அன்றிலிருந்து எங்களுக்குள் சண்டையே வந்ததில்லை.

பள்ளத்தைக் கண்டால் அவருக்கு ஆகாது. வளைவு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு முணுமுணுப்பார். வளைவு முடிந்ததா என்று கேட்கக் கண்ணைத் திறக்காமலே என் தோளில் ஒரு தட்டுத் தட்டுவார்.

துப்பறிகிற அம்மா என்ற பெயர் அவருக்கு வந்தது ஒரு மணியால். தோட்டத்துச் சின்ன ஆலயத்தில் மணி தொங்கியது, உள்ளே நாக்கு இல்லை. யாரோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆளாளுக்கு ஒருவர்மேல் பழி போட்டார்கள். பாஸ்டரம்மா யாரையும் கேட்கவில்லை. வழக்கம்போல வீடு வீடாகப் போய் ஜெபம் பண்ணினார். ஒரு வீட்டில் தேத்தண்ணிக்கு இஞ்சி இடித்தார்கள். ஒவ்வொரு இடிக்கும் 'ணங்' என்று ஒரு சத்தம், ஆலயத்தில் கேட்க வேண்டிய சத்தம், குசினியிலிருந்து வந்தது. இஞ்சித் தேத்தண்ணியைக் குடித்து முடித்து, நல்லாயிருந்தது என்று சொல்லிவிட்டு, "ஞாயிற்றுக்கிழமை மணி அடிக்கணும்மா, அதுக்குள்ள இடிச்சு முடிச்சிருங்க" என்று எழுந்தார். சனிக்கிழமையே நாக்கு மணிக்குள் இருந்தது. கொஞ்ச நாளைக்கு ஆலயத்தில் இஞ்சி வாசம் அடித்தது என்று ஒரு கிழவர் சத்தியம் செய்வார்.

அதிலிருந்து தோட்டத்தில் அவருக்கு 'சிலுவை போட்ட சீ.ஐ.டி.' என்று பெயர். அவருக்கும் அது தெரியும். "எக்ஸ்சேஞ்சில நான் பேசினது குறைவு ராசு. ஆட்கள் எந்த இடத்தில் பேச்சை நிறுத்துறாங்கன்னு கேட்டுக்கொண்டே இருந்தேன். அந்தப் பழக்கம்தான்" என்பார்.

தண்ணீர்ச் சண்டை

மேல் டிவிஷனில் ஒரு லயம். ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக வீடுகள், முன்னால் எல்லோருக்கும் பொதுவாக ஒரு நீள வராந்தா. ஒரு வீட்டில் கருவாடு பொரித்தால் கடைசி வீட்டுக்காரருக்குப் பசிக்கும். அந்த லயத்துக்குத் தண்ணீர் மேலே பாறை இடுக்கில் இருக்கும் ஊற்றிலிருந்து வந்தது. ஊற்றுக்குப் பக்கத்தில் சீமெந்துத் தொட்டி, தொட்டியிலிருந்து கறுப்புக் குழாய்.

ஓரத்து வீட்டுத் தங்கராஜ் அந்தக் குழாயை நடுவில் வெட்டித் தன் போஞ்சிக்காய்த் தோட்டத்துக்குத் திருப்பிக்கொள்வான். பேசினால் கைநீட்டும் ஆள். குழாயைத் திருப்பி வைப்பதும் அவன் மறுபடி வெட்டுவதுமாக மாதக்கணக்கில் நடந்தது.

நடு வீட்டில் சுரேஷும் ஜெயாவும். ஜெயா கல்யாணத்துக்கு முன்னால் பாஸ்டரம்மாவின் பாடகர் குழுவில் பாடிய பெண். அப்போதுதான் அவளுக்குத் தலைச்சன் பிள்ளை பிறந்து, பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்தாள். பிள்ளைக்காரி வீட்டுக்குத் தண்ணீர் வேண்டும், ஆனால் குழாய்த் தண்ணீர் வந்து விழும் பீலியடியில் நின்றால் ஒரு வாளி நிறைய அரை மணி நேரம். சுரேஷ் பொறுமையிழந்துவிட்டான். ஒரு சாயங்காலம் லயத்து ஆட்கள் அத்தனை பேருக்கும் முன்னால், "இன்னொரு தடவ குழாயில கைய வச்சுப் பாரு, அந்தத் தொட்டியிலயே ஒன்ன முக்கிப்புடுவேன்" என்று தங்கராஜைப் பார்த்துக் கத்தினான்.

ஜெயா வீட்டுக்கு இரண்டு கதவு தள்ளி முனியம்மா அத்தையும் சடையன் மாமாவும். மாமா வேலையிலிருந்து நின்றவர், இளைப்புக்காரர், தேயிலைச் செடியில் கூடு கட்டிய குருவிக்காகக் கவ்வாத்துக் கத்தியைத் திருப்பிக்கொண்டு வந்ததாக அவரைப் பற்றிக் கேலி பேசுவார்கள். அத்தை அவருக்கும் சேர்த்துப் பேசுகிறவர். அவர் வீட்டு வாசலைத் தாண்டி யாரும் சுடச்சுட ஒரு சாயத்தண்ணி, பால் சேர்க்காத தேத்தண்ணி, குடிக்காமல் போனது கிடையாது. வேண்டாம் என்று சொன்னால், "குடிச்சுட்டுக் கோவமா இருங்க" என்பார்.

போயா லீவு

சுரேஷ் கத்தியதற்கு மறுநாள் போயா, பௌர்ணமி லீவு. காலையில் ஆள் எண்ணும் பெரட்டும் இல்லை, கொழுந்து பறிப்பும் இல்லை. எல்லோரும் வீட்டில் இருப்பார்கள் என்று, ஜெயாவின் பிள்ளைக்கு ஜெபம் பண்ண அன்று காலையிலேயே பாஸ்டரம்மாவை ஏற்றிக்கொண்டு போனேன்.

அப்படி ஒரு பனி. ஹெட்லைட்டைப் போட்டால் வெள்ளைச் சுவர்தான் தெரிந்தது. லயத்தைக் கண்ணால் பார்ப்பதற்கு முன் மூக்கால் பார்த்தோம், அடுப்புப் புகை. வீட்டுக்கு வீடு ரொட்டி தட்டும் சத்தம். சுரேஷ் விடியமுன்னே கொத்தமல்லி, பெருங்காயம் வாங்கக் கடைத்தெருவுக்கு நடந்து போயிருந்தான். பாஸ்டரம்மா பிள்ளையைக் கையில் வாங்கி ஜெபித்தார். குழந்தை ஒரு கொட்டாவி விட்டது. "ஆமென் சொல்லிட்டான்" என்றார்.

திரும்பும்போது வழக்கம்போல முனியம்மா அத்தை வாசல். நான் கைகளைத் தேய்த்துக்கொண்டே தயாராக நின்றேன். அத்தை எங்களை உள்ளே கூப்பிடவில்லை. கொஞ்சம் இருங்க என்று போனவர், அலுமாரிக்கு மேலிருந்த ஆரஞ்சு சோடா போத்தலை எடுத்து வந்து உடைத்து இரண்டு கிளாஸில் ஊற்றினார். ஒரு தட்டில் பிஸ்கட். "சூட்டுக்கு நல்லதுங்க" என்றார்.

எந்தச் சூட்டுக்கு? எனக்குப் பல் கிட்டிவிட்டது. பாஸ்டரம்மா மூக்கு சிவக்க ஒவ்வொரு மிடறாகக் குடித்தார். ஆட்டோவில் ஏறியதும் இருவரும் சிரித்தோம். அத்தையின் மகள் கொழும்பிலிருந்து நல்ல சோடா கொண்டுவந்திருப்பாள், அதைக் காட்டத்தான் என்று நான் சொன்னேன். கீழே வந்ததும் கடையில் சூடாக ஒரு தேத்தண்ணி குடித்த பிறகுதான் என் கைவிரல்கள் எனக்குச் சொந்தமாயின.

நாங்கள் கிளம்பிய பிறகுதான், பீலியில் தண்ணீர் சொட்டவில்லையே என்று பார்க்கப் போனவர்கள் தொட்டியடியில் தங்கராஜைக் கண்டார்கள். பாறையில் சாய்ந்தமாதிரி கிடந்தான். தலையில் காயம். உயிர் இல்லை. விழுந்த காயம் மட்டும் இல்லை, ஏதோ கட்டையால் பட்ட காயமும் இருக்கிறது என்று பொலிஸார் சொன்னார்கள். முதல் நாள் யார் கத்தினது என்று விசாரித்தார்கள். விடியமுன் யார் வெளியே போனது என்று விசாரித்தார்கள். இரண்டு கேள்விக்கும் சுரேஷ் என்ற ஒரே பதில்தான் லயத்தில் இருந்தது. கடை திறக்கும்வரை அவன் தனியாக உட்கார்ந்திருந்ததைப் பனியைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அவனை ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள்.

அன்று பின்னேரம் ஜெயா பாஸ்டரம்மாவுக்குப் போன் பண்ணினாள். அழுகையில் வார்த்தையே பிடிபடவில்லை. பிள்ளை அழுவதும் சேர்ந்து கேட்டது. ஒன்று மட்டும் புரிந்தது: "அவரு கோழி அறுக்கயில பக்கத்துல நிக்க மாட்டாருங்கம்மா."

கேத வீட்டுச் சோறு

தங்கராஜின் உடல் பதுளை ஆஸ்பத்திரியிலிருந்து வர நாளாயிற்று. அடக்கத்துக்குப் பாஸ்டரம்மா வந்தார். செத்தவன் எந்தச் சாமியைக் கும்பிட்டான் என்று பார்க்கிறவர் இல்லை அவர். பாதையோரம் வெள்ளைக் கொடி, மேலே தப்பு மேளச் சத்தம். தங்கராஜின் தங்கச்சி ஒருத்தி மொனராகலையிலிருந்து வந்து ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். திட்டிய ஆட்களும் அழுதார்கள். மனுஷன் இருக்கும்போது கணக்கு வேறு, போனபிறகு வேறு.

கீழ் லயத்திலிருந்து பெண்கள் சோற்று அண்டாவும் தேத்தண்ணி வாளியும் தூக்கிக்கொண்டு ஏறி வந்தார்கள். மூச்சு வாங்கியது அவர்களுக்கு. இத்தனை வீடு இங்கே இருக்க, ஏன் அவ்வளவு தூரத்திலிருந்து சுமக்கிறார்கள் என்று பாஸ்டரம்மா என்னிடம் கேட்டார்.

வாய் சும்மா இருக்காதே எனக்கு. விளக்கினேன். "ஒரு லயத்துல கேதம் விழுந்தா, அந்தக் கூரைக்குக் கீழ யாரும் அடுப்புப் பத்த வைக்க மாட்டோம்மா. ஒடம்பு போய்ச் சேர்றவரைக்கும் அப்படித்தான். ஒடம்பு ஆஸ்பத்திரியில இருந்தாலும் அதே கதைதான். செத்தவன் இந்தக் கூரை ஆளுல்ல? பகையாளியா இருந்தாலும் ஒல கொதிக்கக்கூடாது. யாரும் சொல்லித் தர்றதில்ல, கை தானா நின்னுரும்."

பாஸ்டரம்மா தலையாட்டினார். கையிலிருந்த கிளாஸை அப்படியே திண்டில் வைத்தார்.

ஜெயாவைப் பார்க்கப் போனோம். பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வருகிறவர்கள் எல்லாம் வாசலோடு போய்விடுகிறார்கள் என்றாள். கொலைகாரன் வீடு என்று ஒரு வாண்டு கத்திவிட்டு ஓடியதாம். அதைவிட அவளுக்கு வலித்தது இன்னொன்று. அந்த லயத்தில் பிறக்கிற பிள்ளைகளுக்கெல்லாம் எண்ணெய் தேய்த்துக் காலில் போட்டுக் குளிப்பாட்டுவது முனியம்மா அத்தைதான். "அத்தைகூட வரலங்கம்மா. ரெண்டு கதவு தள்ளி இருக்காங்க. அவங்களும் நம்புறாங்கன்னா நான் யாருகிட்டப் போவேன்?"

கண் திறந்த பயணம்

இறங்கும்போது முதல் வளைவு வந்தது. முணுமுணுப்பு வரவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். பாஸ்டரம்மா கண்ணைத் திறந்துகொண்டு பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அதைக் கண்டு எனக்குத்தான் பயம் வந்தது. ஓரமாக நிறுத்தினேன்.

"ராசு, போயா அன்றைக்கு நாம போனப்போ, எல்லா வீட்டிலும் புகை இருந்ததா?"

இருந்ததே என்று சொல்ல வாயெடுத்தேன். அந்தக் காலை முழுவதும் மறுபடி என் முன்னால் வந்தது: ரொட்டி வாசம், தகரத்துக்கு மேலே சாம்பல் நிறப் புகை, விறைத்த விரலில் ஐஸ் மாதிரி அந்தக் கிளாஸ். தங்கராஜ் செத்தது யாருக்கும் தெரியாத நேரம் அது. எல்லா அடுப்பும் எரிந்தது. ஒரே ஒரு வீட்டுக் கை மட்டும் முன்கூட்டியே நின்றிருந்தது.

எனக்கு அழுகை வந்துவிட்டது. கோபமும் வந்தது. "சோடா குடுத்ததெல்லாம் ஒரு சாட்சியாங்கம்மா? விறகு நனைஞ்சிருக்கும். தலவலியா இருந்திருக்கும்" என்றேன். அவர் மறுக்கவில்லை. பொலிஸுக்குப் போகப் போறீங்களா என்றேன்.

"பொலிஸ்ல போய் நான் என்னத்தைச் சொல்றது, சோடா குடிச்சேன்னா? நான் அத்தைகிட்டத்தான் கேட்கணும். விறகு ஈரமா இருந்திருந்தா நான்தான் முதல்ல சந்தோஷப்படுவேன். ஆனா கேட்காம இருக்க முடியாது ராசு. அந்தப் பிள்ளைக்கு இன்னும் தொப்புள் காயல."

அன்றிரவு நான் சரியாகச் சாப்பிடவில்லை. அத்தை கையால் நான் குடித்த சாயத்தண்ணியைச் சேர்த்து வைத்தால் துன்ஹிந்த அருவிக்கு ஒரு நாள் வேலை இருக்கும்.

இப்போது எல்லோரும்

நீங்கள் கடிதம் போட்டுக் கேட்பீர்கள் என்பதால் பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். சுரேஷ் வெளியே வந்துவிட்டான். பிள்ளை இப்போது லயத்து வராந்தாவை அளந்துகொண்டு ஓடுகிறான். சடையன் மாமாவின் வழக்கு பதுளையில் இன்னும் நடக்கிறது. வேண்டுமென்று செய்தது இல்லை என்று வக்கீல் சொல்கிறார், நாங்களும் அதைத்தான் சொல்கிறோம். தவணைக்குத் தவணை அத்தையை நான்தான் கொண்டுபோய் விடுகிறேன். பாஸ்டரம்மா வேறு சபைக்கு மாற்றலாகிப் போய்விட்டார். வளைவே இல்லாத ஊராம். போனில் குறைப்பட்டுக்கொள்கிறார், முணுமுணுக்க வழியில்லை என்று.

மறுபடியும் அந்தப் பலகை

அடக்கம் முடிந்த மறுநாள் போனோம். அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. அத்தை தேத்தண்ணி கொடுத்தார். பாஸ்டரம்மா முழுவதையும் குடித்து முடித்துவிட்டுத்தான், அன்றைக்கு ஏன் சோடா என்று கேட்டார். விறகு ஈரம் என்றார் அத்தை. பாஸ்டரம்மா அதை நம்ப முயற்சி பண்ணினார், அதை நான் பார்த்தேன். அடுப்படியில் காய்ந்த விறகு கூரை தொட அடுக்கியிருந்தது. அத்தையின் கண்ணும் அங்கேதான் போயிற்று. அப்போதுதான், வந்தவர்களை வெறும் வாயோடு அனுப்ப மனசு வரவில்லை என்று நான் முதலில் எழுதிய அந்தப் பேச்சைப் பேசினார்.

"அது எனக்குத் தெரியும்மா. உங்க வீட்டில யாரும் வெறும் வாயோட போனதில்ல" என்றார் பாஸ்டரம்மா. "அடுப்பை ஏன் பத்த வைக்கலன்னுதான் கேட்கிறேன்."

முந்தானை சுருட்டுவது நின்றது. வெளியே யாரோ வாளியை வைக்கும் சத்தம். அத்தை பாஸ்டரம்மாவைப் பார்க்காமல் அடுப்பைப் பார்த்துச் சொன்னார்:

"மேல ஒரு மனுசன் கெடக்கான்னு தெரிஞ்சுக்கிட்டு நான் எப்படிங்க ஒல வைப்பேன்?"

உள்ளறையிலிருந்து சடையன் மாமா வந்து நின்றார். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நின்றார். ஜெயா பிள்ளைக்குத் தண்ணி இல்லையே என்று விடியக்காலை குழாயைத் திருப்பப் போனதையும், தங்கராஜ் வந்து மார்பில் குத்தியதையும், மூச்சு முட்டிக் கையிலிருந்த மண்வெட்டிக் காம்பை வீசியதையும், அவன் பாறையில் விழுந்து எழும்பாததையும் மூச்சு விட்டு விட்டுச் சொன்னார். அன்றைக்கே பொலிஸுக்குப் போகக் கிளம்பினவரை வாசலில் மறித்தது தான்தான் என்றார் அத்தை. இந்த இளைப்போடு உள்ளே போனால் திரும்பி வர மாட்டார் என்ற பயம். பொழுது சாயுமுன்னே சுரேஷைக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் வாயைத் திறப்பது முந்தின நாளைவிடப் பாரமாகிவிட்டது.

"அந்தப் பிள்ளையத் தொட என் கை வரல. அவன் அப்பன அங்க வச்சுட்டு, இங்க எந்தக் கையால எண்ண தேய்க்கிறது?"

பாஸ்டரம்மா எழுந்துபோய் அத்தைக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். நானும் கூடவே வர்றேன், சட்டம் தெரிந்த ஒருவரைப் பதுளையில் பார்த்துக்கொண்டு பொலிஸுக்குப் போவோம் என்று பாஸ்டரம்மா மெல்லச் சொன்னார்.

அத்தை எழுந்தார். கொடியில் கிடந்த வெள்ளைச் சட்டையை எடுத்து உதறி மாமாவுக்குப் போட்டுவிட்டார். பொத்தான்களைக் கீழிருந்து மேலாகப் பூட்டினார். இளைப்பு மருந்தை அவர் பையில் வைத்து, வெளியே தெரியாமல் தட்டிவிட்டார். பிறகு அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்தார்.

நான் ஓடிப்போய் ஆட்டோவைக் கிளப்பினேன். லயத்து ஆட்கள் வாசல்களில் நின்று பார்த்தார்கள். அத்தை என் பக்கம் திரும்பவே இல்லை. மாமாவைக் கூட்டிக்கொண்டு எதிர்ப் பக்கமாக நடந்தார். ஒரு கதவைத் தாண்டினார். அடுத்த கதவின் முன் நின்று, மாமாவின் கையை விடாமல், மற்றக் கையால் ஜெயாவின் கதவைத் தட்டினார்.